அன்புவழிபுரத்தில் ஒரு ஹீற்றர்

மார்கழி மழை தொடங்கிப் பத்து நாள் ஆன ஒரு திங்கட்கிழமை, நகரத்தில் மின்சாரச் சாமான் விற்கிற கடையொன்றில் ஏறி, அறையைச் சூடாக்குகிற ஹீற்றர் இருக்கிறதா என்று கேட்டேன். கடையில் நின்ற பெண் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய், குளியலறைச் சுவரில் பூட்டுகிற தண்ணீர் ஹீற்றரைக் காட்டினாள். அது இல்லை, அறைக்கு வைக்கிறது என்றேன். சிறிது யோசித்துவிட்டு, வாளித் தண்ணீருக்குள் போட்டுச் சூடாக்குகிற கம்பிச் சுருளைக் கொண்டுவந்தாள். அதுவும் இல்லை, அறையின் காற்றைச் சூடாக்குவது என்று கையை விரித்துக் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்துவிட்டு உள்ளே போய் முதலாளியைக் கூட்டிவந்தாள். அப்படியான சாமானை இந்த ஊரில் யார் வாங்கப் போகிறார்கள் என்று அவர் என்னிடமே கேட்டார்.

நான்தான் வாங்கக் கேட்டு நிற்கிறேன் என்று சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அன்றைக்கு நான் ஏறின இரண்டாவது கடை அது.

முதல் கடையில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். அங்கிருந்தவர் நான் கேட்டதை உடனே பிடித்துக்கொண்டார். தலையை ஆட்டி, "எத்தனை குஞ்சு?" என்றார். எனக்கு விளங்கவில்லை. கோழிக்குஞ்சு வளர்க்கத்தானே கேட்கிறீர்கள், அதற்கு ஹீற்றர் தேவையில்லை, பெரிய பல்ப் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் காணும் என்று சொல்லி, பல்பையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டார். மனிசிக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல்பை வாங்காமல் இறங்கினேன்.

என் மனைவிக்குத்தான் குளிர்ந்தது. ஆவணி மாதத்தில் அவளுடைய கழுத்தில் இருந்த தைரொயிட் சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அதில் ஒரு கட்டி இருந்தது, கட்டிக்குள் புற்றுநோய் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளைக் குளிசை போட்டாள். சுரப்பி செய்த வேலையை அந்தக் குளிசை செய்தது. தை மாதம் கொழும்பில் அவளுக்குக் கதிரியக்க மருந்து கொடுப்பதாக ஏற்பாடு. உடம்பில் மிச்சம் கிடக்கிற புற்றுநோய்க் கலங்கள் அந்த மருந்தை நன்றாக இழுத்துக் குடிக்க வேண்டுமானால், அதற்கு முன் நாலு கிழமைக்குக் குளிசையை நிறுத்த வேண்டும் என்றார் வைத்தியர். உடம்பு சோரும், யோசனை மந்தமாகும், நன்றாகக் குளிரும் என்றும் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். திருகோணமலை என்றோம். அங்கே என்ன குளிர், நீங்கள் தப்பினீர்கள் என்று அவர் சிரித்தார். நாங்களும் சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினோம்.

அவர் எங்கள் ஊர் மார்கழியைக் கண்டதில்லை. இரவும் பகலும் மழை. கடல் பக்கமிருந்து அடிக்கிற காற்று ஓட்டுக்குக் கீழால் புகுந்து வீட்டுக்குள் சுற்றும். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவர்கள் அடியிலிருந்து இடுப்பளவு வரை ஊறிப்போயிருந்தன. சுகமுள்ள ஆளுக்கே காலை நிலத்தில் வைக்கக் கூசும். குளிசையை நிறுத்தி ஐந்தாம் நாள் அவள் காலுறை கேட்டாள். ஏழாம் நாள், எப்போதோ நுவரெலியாச் சுற்றுலாவுக்கென்று வாங்கின என் சுவெற்றரை அலுமாரிக்குள் தேடி எடுத்துப் போட்டாள். அதற்கு மேல் இரண்டு போர்வை, தலைக்கு ஒரு சால்வை. அந்தக் கோலத்தில் அறைக் கட்டிலில் சுருண்டிருப்பாள். கையைப் பிடித்தால் ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த மீனைப் பிடித்த மாதிரி இருக்கும். முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் அடக்குகிற ஆரம்பப் பாடசாலை ஆசிரியை அவள். இப்போது ஒரு வசனத்தைத் தொடங்கினால் அது முடிய நேரம் எடுத்தது.

முதலில் சுடுதண்ணீர்ப் பைதான் வாங்கிக் கொடுத்தோம். ரப்பர் மணத்தோடு அது போர்வைக்குள் கிடந்தது. ஆறினவுடன் நானோ மகளோ நிரப்பிக் கொடுப்போம். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நின்ற காலம். மூன்றாம் நாள், நான் நிரப்பிக் கொடுத்த பை மனைவியின் கெண்டைக்காலில் பட்டபடி கிடந்திருக்கிறது. அவள் அப்படியே நித்திரையாகிவிட்டாள். எழும்பிப் பார்த்தபோது ஒரு பெரிய கொப்புளம். அவளுக்குச் சுட்டதுகூட உடனே தெரியவில்லை. அன்றைக்குத்தான் நான் ஹீற்றர் வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. துறைமுகத்தில் கப்பல் திருத்துகிற இடத்துக் களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். வயர், வால்வு, மோட்டர், எதைக் கேட்டு யார் வந்தாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். எதற்கு, எங்கே பூட்ட, எவ்வளவு நேரம் ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் தட்டுக்குப் போவேன். பிழையான சாமானைக் கொடுத்தனுப்பினான் என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை. இப்படிப்பட்ட ஆள் ஒரு ஹீற்றரை அரை நாளில் தெரிந்தெடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது கடையிலிருந்து இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தேன். அங்கே கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம், கொள்கலனில் வருகிற ஜப்பான் பழைய சாமான்களை விற்கிறார். தையல் மெஷின், சைக்கிள், சோறு சமைக்கிற சட்டி எல்லாம் கூரை முட்ட அடுக்கியிருக்கும். நான் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. ஒரு மூலைக்குப் போய்ப் பெட்டிகளை இறக்கி, வெண்ணெய் நிறத்தில் ஒரு ஹீற்றரை வெளியே எடுத்தார். சின்னச் சில்லுகள், மடிப்பு மடிப்பாகத் தகடுகள், கைபிடி. ஒரு கீறல் இல்லை. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

பின்பக்கத்தைத் திருப்பி அவர் ஒட்டியிருந்த தாளை விரலால் காட்டினார். நூறு வோல்ற். எங்கள் நாட்டில் இருநூற்று முப்பது. இடையில் ஒரு மாற்றி வைத்தால் என்ன என்று கேட்டேன். இவ்வளவு இழுவைக்குத் தாங்குகிற மாற்றி இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை, சின்னதை வைத்தால் எரியும் என்றார்.

"கொண்டு போங்க எண்டு தந்து விடலாம் சேர். நாளைக்கு உங்கட வீடு பத்தினா நான் என்ன பதில் சொல்ற? வீட்டுல ஆருக்குச் சுகமில்ல?"

அன்றைக்கு அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சொன்னேன். அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் என் தொலைபேசி இலக்கத்தை எழுதிக்கொண்டு, மலைநாட்டுப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கடைக்காரர்கள் எல்லாரும் சொல்கிற கதைதான் என்று நினைத்துக்கொண்டு நனைந்தபடி வீட்டுக்கு வந்தேன்.

வந்து செய்த முதல் பிழை, கனடாவில் இருக்கிற மச்சானுக்குச் சொன்னது. மனைவியின் தமையன். முப்பது வருடமாகப் பனிக்குள் இருக்கிறவர், ஆகவே ஹீற்றரைப் பற்றி அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவருக்குத் தெரிந்திருந்ததுதான் பிரச்சினை. அன்று பின்னேரம் முக்கால் மணித்தியாலம் வட்ஸ்அப்பில் வகுப்பு எடுத்தார். உள்ளே எண்ணெய் இருக்கிற ஹீற்றர், மெல்லச் சூடாகி மெல்ல ஆறும். விசிறி வைத்த ஹீற்றர், உடனே சூடு தரும், ஆனால் காற்றைக் காய வைக்கும். சிவப்பாக எரிகிற கம்பி ஹீற்றர், முன்னால் இருக்கிற ஆளை மட்டும் சுடும். விழுந்தால் தானாக நிற்கிற சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். நீட்டு வயரில் பூட்டக் கூடாது. மேலே துணி போடக் கூடாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தன் வீட்டில் நாலு இருக்கிறது, கப்பலில் ஒன்றைப் போட்டு விடவா என்றார். எவ்வளவு நாளில் வரும் என்று கேட்டேன். இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார். அதற்கிடையில் அவளுக்கு மருந்து கொடுத்து முடிந்துவிடும் என்பதை நான் அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. அதோடு கனடாவின் கரண்டும் எங்களுக்குச் சரிவராது என்பதையும். அவர் நல்ல மனிதர். அடுத்த நாள் காலையில் பதினொரு ஹீற்றர் படங்களை அனுப்பியிருந்தார். ஒன்றும் இலங்கையில் கிடைக்காது.

நான் பெரிய சீ.ஆர். கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். எந்த வகை, எத்தனை வாற்ஸ், விலை என்ன, பாரம் எவ்வளவு, எங்கே கிடைக்கும். களஞ்சியத்தில் செய்கிற மாதிரியே. மதியச் சாப்பாட்டு நேரத்தில் துறைமுகத்திலிருந்து கொழும்புக் கடைகளுக்கு அழைத்தேன். ஒரு கடையில் மொடல் இலக்கம் கேட்டார்கள். இன்னொரு கடையில் என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டார்கள். அந்தப் பாட்டைப் பாதிவரை கேட்டுவிட்டு வைத்தேன். கடைசியில் இணையத்தில் ஒரு விசிறி ஹீற்றரைக் கண்டு, இரண்டு நாளில் வரும் என்று போட்டிருந்தபடியால் மறுயோசனை இல்லாமல் அனுப்பச் சொல்லிவிட்டேன்.

இதற்கிடையில் எனக்கு வயர் ஞாபகம் வந்தது. எங்கள் வீடு ஒரே முறையில் கட்டின வீடு இல்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்து, கையில் காசு இருந்த நேரம் ஒரு அறை, பிறகு ஒரு விறாந்தை, பிறகு குசினி என்று வளர்ந்தது. வயரும் அப்படியே வளர்ந்தது. அவள் படுக்கிற அறையில் இருந்தது பழைய வட்டத் துளைச் சொக்கற், ஐந்து அம்பியர்தான் தாங்கும். ஒழுங்கையில் இருக்கிற மின்சார வேலைக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். சொக்கற்றின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். இந்த வயரில் இரண்டாயிரம் வாற்ஸ் போட்டால் உருகும், மீற்றர் பலகையிலிருந்து புது வயர் இழுக்க வேண்டும் என்றார்.

"எப்ப செய்யலாம்?" என்றேன்.

"நாளைக்கு வாறன் அண்ணன்."

அந்த நாளை வரவில்லை. அடுத்த நாளும் நாளைக்கு என்றார். அதற்கடுத்த நாள் மழை என்றார். மழை வீட்டுக்கு வெளியேதானே பெய்கிறது, வேலை உள்ளேதானே என்றேன். ஏணி நனைந்து போயிருக்கிறது என்றார். யேசு பிறந்த நத்தார் நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. ஒழுங்கை முழுக்க வீடுகளுக்கு அலங்கார பல்ப் பூட்டிக் கொடுக்கிற வேலை அவருக்குத் தலைக்கு மேல் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை விசிறி ஹீற்றர் வந்து சேர்ந்தது. பெட்டிப் படத்தில் பெரிதாகத் தெரிந்தது, எடுத்துப் பார்த்தால் பேக்கரிப் பாண் ஒன்றின் அளவுதான். அதன் சதுரப் பிளக் அறைச் சொக்கற்றுக்குள் போகாது. வீட்டில் சதுரச் சொக்கற் இருந்தது இரண்டே இடம். ஒன்று குசினி. மற்றது சாலையில், அதாவது முன் கூடத்தில், அதில் குளிர்சாதனப் பெட்டி பூட்டியிருந்தது. ஆகவே குளிர்சாதனப் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதற்குப் பக்கத்தில் சாய்வு கதிரையைப் போட்டு, மனைவியைப் போர்வைகளோடு கைத்தாங்கலாகக் கூட்டிவந்து இருத்தினோம். நான் சுவிட்சைப் போட்டேன்.

ஒரு இரைச்சல். புழுதி கருகுகிற மணம். பிறகு சூடான காற்று நேரே அவளுடைய முகத்தில் அடித்தது. வெட்டின கழுத்து அவளுக்கு இன்னும் முழுதாக ஆறியிருக்கவில்லை. ஒரு நிமிடத்தில் இருமத் தொடங்கினாள். நான் திசையைக் கொஞ்சம் திருப்பினேன். காற்று காலுக்குப் போனது, முதுகு குளிர்கிறது என்றாள். முதுகுப் பக்கம் வைத்தேன். அந்த நேரம் வீடு முழுக்கக் கரண்ட் நின்றது. பலகையில் ற்றிப் சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன். மூன்று நிமிடத்தில் திரும்பவும் விழுந்தது. நாலாம் தரம் நான் பலகையடியில் கதிரையில் ஏறி நின்றபோது, சூட்டை அரைவாசிக்கு இறக்கிப் பார்க்கலாமா என்று மகளிடம் கேட்டேன், கொப்பியைக் கொண்டுவரச் சொன்னேன், மச்சானுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால், மனைவி காலால் ஹீற்றரைத் தள்ளிவிட்டு எழும்ப முயன்றுகொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்தது. கோழிக்குஞ்சு பல்புக்கும், கொழும்புக் கடையின் பாட்டுக்கும், நனைந்த ஏணிக்கும் சேர்த்து. உமக்காகத்தானே இத்தனை நாளாக ஓடித் திரிகிறேன், கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ன என்று கதிரையில் நின்றபடியே கத்தினேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்த அவளுக்குக் குரல் இல்லை. ஒவ்வொரு சொல்லாக, மெல்லச் சொன்னாள்.

"குளிருது எண்டு நான் சொன்னா, நீங்கள் வயரைப் பாக்கிறீங்கள். ஹீற்றரைப் பற்றி எல்லாரோடயும் கதைச்சிட்டீங்கள். என்னோட கதைக்கேல்ல."

அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். மகள் குளிர்சாதனப் பெட்டியைத் திரும்பப் பூட்டினாள். நான் கதிரையிலிருந்து இறங்கி, ஹீற்றரைப் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தேன். வந்த மாதிரி அதற்குள் போகவில்லை. அந்தத் தெர்மக்கோல் துண்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தபோதுதான், அவள் சொன்னது எனக்குள் இறங்கியது. களஞ்சியத்தில் முன்பின் தெரியாத ஆளிடம்கூட மூன்று கேள்வி கேட்கிற நான், அவளிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அவளுக்கு விசிறி வேண்டுமா, எண்ணெய் வேண்டுமா, எந்த இடத்தில் வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்து கேட்டால் அவள் வேறு ஏதாவது சொல்லத் தொடங்கிவிடுவாள் என்று எனக்குப் பயம் இருந்தது. கடைகளில் ஏறி இறங்குவது அதைவிடச் சுலபம்.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. காலையில் கோப்பியோடு அறைக்குள் போய்க் கட்டிலடியில் கதிரையைப் போட்டு இருந்தேன். எப்படிப்பட்ட ஹீற்றர் வேண்டும் என்று கேட்டேன். அவள் கனநேரம் பேசவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். யோசிக்கிறாள் என்பது பிறகுதான் விளங்கியது, அந்த நாட்களில் அவளுக்கு யோசனை அவ்வளவு மெதுவாகத்தான் வந்தது. சத்தம் வேண்டாம் என்றாள். முகத்தில் காற்று அடிக்க வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் சூடு தெரிகிற தூரத்தில் இருந்தால் காணும். அவ்வளவுதான். என் கொப்பியில் இருந்த ஐந்து பத்தியில் ஒன்றிலும் அது இருக்கவில்லை.

பிறகு அவள் நான் பயந்ததையும் சொன்னாள்.

"குளிரைத் தாங்கலாம். கொழும்பில அந்த அறைக்குள்ள தனிய விட்டிடுவினமாம். சாப்பாட்டைக் கதவடியில வைச்சிட்டுப் போயிடுவினமாம். மருந்து உடம்பில இருக்கிறதால ஒருத்தரும் கிட்ட வர ஏலாதாம்."

அது எனக்குத் தெரியும் என்றேன். வைத்தியர் இருவருக்கும்தான் சொன்னவர். ஆனால் அவள் அதை இவ்வளவு நாளும் தனியாக வைத்து யோசித்துக்கொண்டு படுத்திருந்தது எனக்குத் தெரியாது. கோப்பி ஆறும்வரை அவளுடைய காலை என் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன், கொப்புளம் இல்லாத காலை.

சனிக்கிழமை நானா அழைத்தார். நான் அவரை மறந்தே போயிருந்தேன். பண்டாரவளையில் அவருடைய உறவுக்காரர் ஒருவர் விடுதி ஒன்றின் பழைய தளபாடங்களை வாங்கியிருக்கிறார், அதில் எண்ணெய் ஹீற்றர் ஒன்று இருக்கிறது, நம் கரண்டுக்குச் சரியானது, போட்டுப் பார்த்துவிட்டார்களாம். பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லவா என்று கேட்டார். நான் வழக்கமான கேள்விகளைத் தொடங்க வாயெடுத்து, நிறுத்தி, சத்தம் போடுமா என்று மட்டும் கேட்டேன். எண்ணெய்தானே உள்ளே கிடக்கிறது, அது என்ன சத்தம் போடப் போகிறது என்றார்.

திங்கட்கிழமை மின்சார வேலைக்காரரும் அதிசயமாக வந்தார். வந்தவர் நேரத்தை வீணாக்கவில்லை. சாலைச் சுவரிலும் அறைச் சுவரிலும் உளியை வைத்து அடித்துப் புழுதி கிளப்பினார். மனைவியைக் குசினிக்குள் இருத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தோம். ஊறின சுவர் என்றபடியால் உடைக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு உடைந்து விழுந்தது. செவ்வாய் மதியம் புதுச் சதுரச் சொக்கற்றைப் பூட்டி முடித்தார். அவர் உளியைக் கழுவிக்கொண்டு நின்றபோது, நானா ஓட்டோ ஒன்றில் ஹீற்றரைத் தானே கொண்டுவந்து இறக்கினார். பஸ்ஸில் சரித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள், எண்ணெய் அடியில் இறங்க வேண்டும், கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று சொன்னார். எல்லோரும் விறாந்தையில் நின்று, அது சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம்.

வேலைக்காரர் குனிந்து ஹீற்றரின் பக்கத்தில் இருந்த சுவிட்சுகளைப் பார்த்தார். மூன்று நிலை இருந்தது. கீழ்நிலை அறுநூறு வாற்ஸ்.

"அறுநூறு எண்டா பிளக்கை மாத்திப் பூட்டினாப் பழைய சொக்கற்றே காணும் அண்ணன்," என்றார். "முதலே சொல்லியிருந்தா சுவரை உடைச்சிருக்கத் தேவையில்லை."

நான் அவரைப் பார்த்தேன். கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தபடியால் ஒன்றும் செய்யவில்லை. நானா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில், அவள் சொன்ன தூரத்தில் வைத்து, கீழ்நிலையில் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. சத்தமில்லை, வெளிச்சமில்லை. கெட்டுப்போன சாமானை வாங்கிவிட்டேன் என்று நினைத்துக் குனிந்து பிளக்கை அழுத்திப் பார்த்தேன். கால் மணித்தியாலம் கழிந்து தகடுகளிலிருந்து மெல்லச் சூடு எழும்பத் தொடங்கியது. மனைவி போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து அதன் பக்கம் நீட்டினாள். பிறகு மற்றக் கையையும் எடுத்தாள். கனநேரம் அப்படியே வைத்திருந்தாள். சால்வையைத் தலையிலிருந்து இறக்கிக் கழுத்தில் விட்டுக்கொண்டாள். கிழமைகளுக்குப் பிறகு அவளுடைய தலைமயிரை அன்றைக்குத்தான் கண்டோம். சரிதானா என்று கேட்டேன்.

"ஓம்," என்றாள். "இனிக் கொஞ்ச நாளைக்கு ஒண்டும் வாங்க வேண்டாம்."

மகள் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சின்ன அறையில் எனக்கு வேர்த்து ஊற்றியது. சேட்டைக் கழற்றிவிட்டுப் பெனியனோடு இருந்தேன். பெனியனும் நனைந்தது. நத்தார் அன்று பங்குக் கோயிலிலிருந்து அவளுக்கு நற்கருணை கொண்டுவந்த சுவாமியார், அறைக்குள் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, அங்கியின் கழுத்தை விரலால் தளர்த்திக்கொண்டு, ஆசீர்வாதத்தைச் சுருக்கமாக முடித்தார்.

தை மாதம் அவளைக் கொழும்புக்குக் கூட்டிப் போனோம். அந்த அறைக்குள் தனியாக இருந்தாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று கையைக் காட்டினேன். திரும்பி வந்த பிறகும் ஒரு கிழமை ஒருவரும் கிட்டப் போகக் கூடாது என்று அனுப்பினார்கள். வீட்டில் அவள் அறைக்குள், ஹீற்றருக்குப் பக்கத்தில். நான் கதவுக்கு வெளியே, விறாந்தையில், அளந்து வைத்த தூரத்தில் ஒரு கதிரையில். குளிசையைத் திரும்பத் தொடங்கியிருந்தாலும் சூடு உடம்பில் ஏற நாளெடுத்தது. வேலையால் வந்தால் அந்தக் கதிரையில்தான் இருப்பேன். பாடசாலையில் அவளுக்குப் பதிலாக வந்திருக்கிற ஆசிரியை பிள்ளைகளுக்குச் சித்திரம் கீற விடுவதே இல்லையாம் என்று குறைப்பட்டாள். திருமணம் செய்த புதிதில் குச்சவெளிக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு நாங்கள் சண்டை பிடித்ததை எடுத்தாள். பிழை என்னுடையதுதான் என்று அவள் முப்பது வருடத்துக்குப் பிறகும் நின்றாள். நான் நடந்ததை விளங்கப்படுத்தப் போய், இரண்டு நாள் அதே வழக்கு நடந்தது. அவளுடைய வசனங்கள் வேகமாகிக்கொண்டு வந்தன. மூன்றாம் நாள் என்னால் இடையில் புக முடியவில்லை.

மாசி முடிய அவளுக்கு ஹீற்றர் தேவைப்படவில்லை. அதைச் சாமான் அறையில் வைத்தேன். உப்புக் காற்றில் சில்லுகள் துருப்பிடித்துவிட்டன. உடைத்த சுவரை இன்னும் பூசவில்லை, வேலைக்காரர் நாளைக்கு வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

ஆடி மாதம் கொழும்பில் திரும்பவும் சோதித்துப் பார்த்தார்கள். வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றும் மிச்சமில்லை, இனி ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்தால் போதும் என்றார். வெளியே வந்து இரண்டு பேரும் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். ஹபரணை தாண்டின பிறகு தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று அனலாகப் பஸ்ஸுக்குள் அடித்தது, அதோடு செம்புழுதியும். அவள் யன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கழுத்தில் இருந்த தழும்பின் மேல் வியர்வை மின்னியது. புழுதி அவளுடைய மூக்குக்குள் போகப் போகிறதே என்ற எரிச்சலில் நான் எட்டி யன்னல் கண்ணாடியை இழுத்தேன். வழக்கம் போல அது இறுகிக் கிடந்தது. எழும்பி நின்று இரண்டு கையாலும் இழுத்தேன்.

அவள் கண்ணைத் திறக்காமல் என் சேட்டின் நுனியைப் பிடித்தாள்.

"இருங்கோ," என்றாள். "அது திறந்தபடி கிடக்கட்டும்."

கந்தளாய் வரும்வரை நாங்கள் இருவரும் புழுதி தின்றுகொண்டு வந்தோம்.